கீல் தேவி கிளம்ப மறுக்கிறாள்

மார்ச் 4

காலை முழுதும் கடையில் பேண்ட் கால்களை மடித்துத் தைத்தேன். ரோமானியர்களின் மேலங்கிக்குத் தையலே கிடையாது, நீளத் துணியை அப்படியே சுற்றிக்கொள்வார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முதலாளியம்மா உடனே, "நல்லவேளை, நாம அங்க கடை போடல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல ஆளில்லை. சுவரிடமா சொல்வது?

மார்ச் 9

மூன்றாம் நாவல் நான்காம் அத்தியாயத்தில் நொண்டுகிறது. ரோமானியப் படை ஒரு நகரை முற்றுகையிட்டால், பூசாரி மதிலுக்கு வெளியே நின்று உள்ளிருக்கும் தெய்வத்தைக் கூப்பிடுவாராம்: 'எங்களிடம் வந்துவிடு, பெரிய கோயில் கட்டித் தருகிறோம்.' அதை என் கற்பனை நகரத்தில் வைத்தேன். கடல் தெய்வம் போயிற்று. வாசலுக்கு ஒரு நகையாகக் கழற்றிக் கொடுத்துப் பாதாளம் இறங்கிய சுமேரிய தேவியின் சாயலில் ஒருத்தியைப் படைத்திருந்தேன், அவளும் போய்விட்டாள். இரண்டாம் நாவலிலிருந்து கூடவே வரும் கீல் தேவி மட்டும் நகர மாட்டேன் என்கிறாள். ரோமானியர்களுக்குக் கதவுக்கு ஒரு தெய்வம், வாசற்படிக்கு ஒன்று, கதவு திரும்பும் கீலுக்கும் ஒன்று; அந்தச் சாயலில் வந்தவள். இவள் ஏன் அடம்பிடிக்கிறாள்? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 10

ஒரு வரிகூட ஓடவில்லை.

மார்ச் 17

மகன் போன் செய்தான். "அம்மா, வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு. உனக்குன்னு பெரிய ரூம் இருக்கு. அப்பா போனப்புறம் அங்க தனியா என்ன பண்ற?"

எழுதுகிறேன் என்றேன்.

"அதை இங்க வந்தும் எழுதலாமே?"

சரிதான். ஆனால் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. இரண்டு நாவல்களையும் அனுப்பினேன், ஒன்றையும் புரட்டியிருக்க மாட்டான். அவன் அப்பா ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எனக்கு ரூம் எதுக்குடா? அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டா போதாதா? கேக்கவே மாட்டேங்கறானே —

புத்தகம் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 18

பிடிபட்டுவிட்டது! மற்ற தெய்வங்களையெல்லாம் பூசாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீல் தேவிக்கு, 'மிச்சம் இருப்பவர்களும் வரலாம்' என்று பொதுவாக ஒரு வார்த்தை. அவள் வீம்பு பிடிக்காமல் என்ன செய்வாள்? ஒரே மூச்சில் எழுதினேன்.

ஏப்ரல் 6

நகரம் வீழவில்லை. ஆனால் மக்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திறக்க ஆளில்லாத கதவுகளும் அவளும்தான் மிச்சம். எழுதிவிட்டுத் தாங்க முடியாமல் அழுதேன். வீம்பால் யாருக்கு என்ன லாபம்? நாளைக்கே மகனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 7

சொன்னேன்.

"அம்மா... நீ வரமாட்டேன்னு நெனச்சு அத்தையை வரச் சொல்லிட்டேன். அந்த ரூம்ல அவங்க இருக்காங்க. ஹால்ல வேணும்னா —"

மருமகளின் அம்மா. வேண்டாம்டா, சும்மாதான் சொன்னேன் என்றேன். சும்மாவா சொன்னேன்? அந்த அம்மாள் மேல் கோபப்படவும் வழியில்லை. அவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

ஏப்ரல் 15

தெரியாத எண்ணிலிருந்து போன். சம்பந்தியம்மாள்!

"ரூம் அலமாரியில உங்க ரெண்டு புஸ்தகமும் உறைகூடப் பிரிக்காம இருந்துச்சு. பொழுது போகலன்னு எடுத்தேன். அந்தக் கீல் தேவியை நட்டாத்துல விட்டுட்டீங்களே சம்பந்தி! அப்புறம் என்ன ஆச்சு?"

ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 19

போனில் நான்காம் அத்தியாயத்தை முழுதும் வாசித்தேன். காலி நகரம் வந்து முடிந்தது.

"அவளுக்கு ஒரு துணை குடுங்க சம்பந்தி" என்றார். "இங்க என்கிட்டயும் யாரும் பேசறதில்ல."

ஐந்தாம் அத்தியாயத்தை இன்றே தொடங்கிவிட்டேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கீல் தேவி திறந்து பார்க்கிறாள். கையில் பெட்டியோடு வயதான ஒருத்தி நிற்கிறாள்.