பால்குடி மறக்காதவன்

தங்கச்சிக்கு,

உன் கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டிலிருந்து வெள்ளிமலைக்கு வரும் முதல் கடிதம் இதுதான்.

என் கழுத்துக் கட்டியை எடுத்துவிட்டார்கள். தைராய்டில் வரும் புற்றுநோய். பாப்பில்லரி என்று பெயர். மெதுவாக வளரும், பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கிறது. அதனால் கதிரியக்க அயோடின் தரப் போகிறார்கள். அதற்குப் பல வாரங்கள் முன்பே என் மகனுக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். இந்தப் பிள்ளைக்கு மறுபடி கொடுக்கவே கூடாது.

நோயைப் பற்றி என்னால் நிதானமாக யோசிக்க முடிகிறது. பாலைப் பற்றி முடியவில்லை.

அவனுக்கு ஐந்து மாதம். புட்டிப்பாலைத் துப்பிவிடுகிறான். உனக்கும் கைக்குழந்தை என்று கேள்விப்பட்டேன். உன் பிள்ளையோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுப்பாயா?

அம்மாவிடம் சொன்னேன்.

"சாதி வுட்டு சாதி போனவ. அவ வூட்டுத் தண்ணியே நாம தொடறதில்ல. பாலு மட்டும் இன்னாடி?" என்றாள்.

"அவ யாரு பாலைக் குடிச்சி வளந்தாளாம்?" என்றேன்.

அம்மா எழுந்து அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். "மலையில குளுருமே" என்று ஸ்வெட்டரைத் தேடினாள்.

குடிக்கும்போது முடியைப் பிடித்து இழுப்பான். விரலைப் பிரிக்காதே. தூங்கியதும் தானே விட்டுவிடுவான்.

சிகிச்சை முடிந்து அழைத்துப்போக வரும்போது, அவன் என்னிடம் வர மறுத்து உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அப்போதுதான் அவன் வயிறு நிறைந்திருந்தது என்று நம்புவேன்.

உன் அக்கா