நாற்காலியில் ஏறி நீ சொன்ன காரணம்

அன்புள்ள டெரிக்,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தை டிவியில் பார்க்க, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே என்னையும் அந்த மதுக்கடைக்கு அழைத்துப் போனாய். விடியற்காலையில் அவ்வளவு பாட்டை நான் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை.

அங்கே கூடும் சண்டர்லேண்ட் அணி ரசிகர் குழுவில் புதிதாகச் சேர்பவர் நாற்காலியில் ஏறிக் காரணம் சொல்ல வேண்டுமாமே. "ஏறு தம்பி! ஜெயிக்கிற டீம் எத்தனையோ இருக்க, எங்களோட உக்காந்து அழணும்னு உனக்கென்ன வேண்டுதல்?" என்று குழுத் தலைவர் லைல் கேலி செய்தார்.

"எங்கப்பா இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிட்டாரு. என் ஏழாவது பொறந்தநாளுக்கு சண்டர்லேண்ட் சட்டை அனுப்பினாரு. அடுத்த மாசம் அங்க போறேன். மைதானத்துல எப்படியும் அவரப் பாத்துருவேன்" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சட்டையைத் தேவாலயத்துப் பழந்துணி விற்பனையில் நான்தான் வாங்கினேன். பிறந்தநாளன்று முழுக்க நீ தபால்காரருக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தாய். என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அப்பாவுக்கு எந்த அணி பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

போய் ஆட்டத்தைப் பார். கூட்டத்தில் அவரைத் தேடாதே.

இருபது வருடமாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு வருகிறேன். உன்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

உன் அம்மா