தண்ணீர்ப் பந்தலில் வாசித்த விடுதலை

சித்திரைத் திங்கள், நிழல் காலடியில் ஒடுங்கிய உச்சிவேளை.

மழை பிழையாத நீலவரை நாட்டைத் தாங்கும் பேரரசி நன்முல்லைத் தேவியாரின் திருவடிக்கு, பெருவழித் தண்ணீர்ப் பந்தலிலிருந்து அமைச்சன் கீரஞ்சாத்தன் தொழுது விடுக்கும் ஓலை. குளங்களில் நீரும் கோயில்களில் விளக்கும் குறையாதிருக்க.

போரில் முரசைக் கைவிட்டு ஓடிய தளபதி மாறவேளுக்கு, ஓராண்டு இப்பந்தலில் வழிப்போக்கர்க்கு நீர் வார்க்கும் தண்டனையை எண்ணிச் சொன்னவன் இவ்வமைச்சன். வாளினும் இது கூரியது என்று அவையில் பெருமையும் கொண்டான். தேவியார் இலச்சினை இட்டருளினார். குலமானம் காக்கத் தளபதியின் பெயரையும் தண்டனையையும் பந்தலார்க்கு மறைத்தே அனுப்பினோம்.

இன்று விடுதலை ஓலையோடு அமைச்சன் பல்லக்கில் வந்திறங்கினான். கூனிக் குறுகிய ஒருவரைக் காண்போம் என்று எண்ணியிருந்தான். கண்டது வேறு.

"ஏ நெட்டையா, தண்ணி ஊத்தச் சொன்னா அபிஷேகம் பண்றியே! அந்த ஆளுக்கு மூக்குல ஏறுது பாரு" என்றாள் பந்தலை நடத்தும் வெண்ணி.

"மீசை பெருசுக்கா. பாதியை அதுவே குடிச்சிருது" என்றார் தளபதி.

வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். குடிப்பவனும் புரையேறச் சிரித்தான்.

அமைச்சனைக் கண்டும் தளபதி செம்பைத் தாழ்த்தவில்லை. குடிப்பவன் தலை அசைக்கும்வரை நீரை நிறுத்தலாகாது என்பது பந்தலின் முறை. அமைச்சன் காத்திருக்கப் பழகாதவன். ஓலையை விரித்து உரக்கப் படித்தான்: தளபதி மாறவேளே, நீர் வார்க்கும் இழிதொழிலாகிய தண்டனையினின்று இன்று விடுபட்டீர்.

குடித்துக்கொண்டிருந்தவன் தலை அசைக்கவில்லை. குவித்த கையை விரித்துவிட்டான். நீர் புழுதியில் விழுந்தது. வெண்ணி தளபதியின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள். அவர் முகம் கவிழ்ந்தது. முரசில்லாமல் அவையில் வந்து நின்ற நாளிலும் அம்முகம் அப்படிக் கவிழ்ந்து அமைச்சன் கண்டதில்லை.

பின்னர் அவர் உரைத்தது: இவ்வோராண்டில் தாம் உண்ட சோற்றுக்குக் கூசியதில்லை என்றும், இவர்களில் ஒருவராய் நின்று வார்த்த நீரே தம்மை மீண்டும் மனிதராக்கியது என்றும், அதை அமைச்சன் ஒரு வாசகத்தால் பறித்தான் என்றும்.

ஆகவே வேண்டுவது. நீர் வார்த்தலைத் தண்டனை என்னும் வாசகத்தைச் சட்ட ஓலையினின்று நீக்கியருள்க. அடுத்த குற்றவாளியை இங்கு அனுப்பாதொழிக. இதை இப்பந்தலிலேயே, இவர்கள் கேட்க, முரசறைந்து படிக்கக் கட்டளையிடுக. தளபதி தலைநகர்க்கு வரவில்லை. வெண்ணி செம்பைத் திருப்பித் தருவாளா என்று பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். பல்லக்கில் இவ்வோலை மட்டும் வருகிறது.

தேவியாரின் செங்கோல் நிழல் நீள்க. அமைச்சன் கீரஞ்சாத்தன் தன் இலச்சினையைக் கூசிய கையால் இட்டான்.

அரக்கு இறுகுமுன் இன்னும் ஒன்று. அமைச்சனும் தாகத்தோடு கைகுவித்தான். வெண்ணி மறுக்கவில்லை, வார்த்தாள். அவன் தலை அசைக்கும்வரை நிறுத்தவுமில்லை. வார்த்தபடியே, முகம் பாராமல் கேட்டாள்:

"அவரு குத்தம் பண்ணிட்டு ஊத்த வந்தாரு. எங்கம்மா காலத்துலேருந்து ஊத்துறோமே சாமி, நாங்க என்ன குத்தம் பண்ணோம்?"