பொக்கன்ஹோஃப் யாருடைய பெயர்?

வாரன்டார்ஃப், 6 மார்ச் 2006

வீப்கேவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. உன் மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையில் இன்னும் என் குடும்பப் பெயர்தான். தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்க இது என்ன ஷ்மிட்டா? நாடு முழுவதற்குமான தொலைபேசிப் புத்தகத்தைச் சலித்துவிட்டேன். பொக்கன்ஹோஃப் மொத்தமே பதினேழு வீடு, எல்லாம் நம் மாவட்டத்தில், எல்லாரும் இந்தப் பெயருக்கே மூலவரான போகோ பிரபுவின் ரத்தம். உன்னிடம் அதில் ஒரு சொட்டு கிடையாது. உன் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பும் விண்ணப்பம் இந்த உறைக்குள் இருக்கிறது. ஈஸ்டருக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

எக்கார்ட் பொக்கன்ஹோஃப்


வாரன்டார்ஃப், 21 மார்ச் 2006

மதிப்பிற்குரிய திரு. பொக்கன்ஹோஃப் அவர்களுக்கு,

இனி நமக்குள் ‘நீ’ வேண்டாம், ‘நீங்கள்’ போதும்.

கல்யாணத்தில் வந்த பெயரை நான் வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே நின்று ஊராரின் கண்களைப் பரிசோதித்தவள் நான். நீங்கள் ஒருநாள்கூடக் கடையைத் திறந்ததில்லை.

உங்கள் முன்னோரின் திருமணப் பதிவு என்று கண்ணாடி போட்டு என் கடையில் மாட்டினீர்களே, அந்தப் பழைய எழுத்தை நீங்கள் படித்ததே இல்லை. தேவாலயப் பதிவேட்டு அறைப் பெண்மணியிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“இதுல பிரபு எங்கம்மா வந்தாரு? கெர்ட் டேகலர்னு ஒரு பண்ணையாள், பொக்கன்ஹோஃப் பண்ணையோட விதவையைக் கட்டிக்கிட்டு அவ பேருக்கு மாறிட்டான். இந்தப் பக்கம் அதுதானே வழக்கம், பண்ணைக்கு வாக்கப்பட்டுப் போறவன் பண்ணைப் பேரைத்தான் வச்சுக்கணும். நம்ம நாட்டுப்புறப் பேச்சுல பொக்கன்னா தவளை, ஹோஃப்னா பண்ணை, அதுகூடவா தெரியாது?”

ஆக, உங்கள் உடம்பில் ஓடுவது டேகலர் ரத்தம். பெயர் ஒரு பெண் கொடுத்தது. திருப்பிக் கொடுப்பதென்றால் முதலில் நீங்கள் கொடுங்கள்.

வீப்கே பொக்கன்ஹோஃப்


வாரன்டார்ஃப், 2 ஏப்ரல் 2006

வீப்கே,

அப்பா சாகும்வரை அந்தப் பிரபுவை நம்பினார். நல்லவேளை, உன் கடிதத்தைப் படிக்க அவர் இல்லை. நமக்குப் பிள்ளை இல்லை, என் கிளையில் இந்தப் பெயர் என்னோடு முடிகிறது. அதனால்தான் அதை உன் பலகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எவனையாவது கட்டிக்கொண்டு அவன் பெயரில் தொலைந்து போ.

எக்கார்ட்


வாரன்டார்ஃப், 20 மே 2006

மதிப்பிற்குரிய திரு. பொக்கன்ஹோஃப் அவர்களுக்கு,

நேற்று நகர மன்றத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லோதார் ஷ்மிட், கூரை வேய்பவர், மனைவியை இழந்தவர். குடும்பத்துக்கு எந்தப் பெயர் என்று பதிவாளர் கேட்டார். முதல் கல்யாணத்தில் வந்த பெயரைக்கூடப் புதுக் கணவருக்குக் கொடுக்கலாமாம், போன வருடம் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். நான் வாய் திறப்பதற்குள் லோதார் சொல்லிவிட்டார்.

“ஷ்மிட் வேணாங்க. எனக்கு வர்ற கடுதாசியெல்லாம் அடுத்த தெரு ஷ்மிட் வீட்டுக்குப் போயிடுது. இவ பேரே இருக்கட்டும்.”

அவருடைய இரண்டு பெண்களும் தங்களுக்கும் அதே பெயர்தான் வேண்டும் என்கிறார்கள். மனு கொடுத்துவிட்டோம்.

உங்களோடு முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முடியவில்லை. அதற்கு உங்கள் ரத்தமும் தேவைப்படவில்லை.

வீப்கே பொக்கன்ஹோஃப்
லோதார் பொக்கன்ஹோஃப்