பட்டறை நிறுத்தத்து நிழற்குடையை இடித்துத் தர வேண்டுவது

அனுப்புநர்
ந. பாவாடை (வயது 76),
கீழத்தெரு, கருவேப்பிலங்குறிச்சி,
விருத்தாசலம் வட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், விருத்தாசலம்.

பொருள்: பீங்கான் பட்டறை நிறுத்தம் – பயணிகள் நிழற்குடை – இடித்து அகற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதுவது.

1. மேற்படி நிழற்குடையைக் கேட்டு வாங்கியவனே நான்தான். எண்பத்தெட்டு ஐப்பசியில், பட்டறை வேலை முடிந்து என் மகள் கண்ணம்மாள் கைக்குழந்தையோடு கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நின்றாள். மறுநாளே மனு கொடுத்தேன். அதிலும் இதே கைரேகைதான். அடுத்த சித்திரையில் கட்டிக் கொடுத்தார்கள்.

2. மூணு வருஷமாக அதற்கு நேர் எதிரே பிராந்திக் கடை நடக்கிறது. வாங்குகிறவர்கள் நிழற்குடையில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்கள். பெஞ்சில் பாட்டில், தரையில் வாந்தி. போன ஆவணியில் ஒருத்தன் கண்டக்டரின் சட்டையைப் பிடித்தான். அதிலிருந்து சாயங்காலம் பெண்ணாடம் பஸ் அங்கே நிற்பதே இல்லை. கை காட்டினாலும் போய்விடுகிறது.

3. கடையை மாற்றச் சொன்னோம். அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தூரம் சரியாக இருக்கிறதாம். பஸ் ஸ்டாப்புக்குச் சட்டத்தில் தூரமே சொல்லவில்லையாம். நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டீர்கள், அதற்கு என் கும்பிடு. அது மேலே போயிருக்கிறது என்கிறார்கள், இன்னும் கீழே வரவில்லை. வேலை விடுகிற நேரத்திலாவது கடையைச் சாத்துங்கள் என்றோம். வியாபாரமே அப்போதுதான் என்று சிரித்தார்கள். குடிக்கிறவர்களிடமே போய்க் கேட்டேன். தாத்தா, நீ வாங்கிக் குடுத்த வூடு ஒரு சொட்டு ஒழுவல, நல்லா இருப்பே என்று ஒருத்தன் வாழ்த்துகிறான்.

4. பஸ் நிற்காததால் பெண்கள் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். கார்த்திகையில் அப்படி நடந்த கண்ணம்மாளை, குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்தவன் இடித்துத் தள்ளினான். வலது மணிக்கட்டு முறிந்துபோனது. பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற கை ஐயா அது. தை பிறந்ததும் கட்டுப் பிரிக்கிறார்கள், மறுநாளே வேலைக்குப் போவேன் என்று நிற்கிறாள். புருஷனை இழந்தவள். போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

கடை தங்கள் கையில் இல்லை என்கிறீர்கள். சரி. நிழற்குடை தங்களுடையதுதானே? அதை இடித்துவிடுங்கள். உட்கார இடமில்லை என்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். எங்கள் பெண்கள் நனைந்துகொண்டு நின்றாலும் பஸ் நிற்கும்.

தை பிறப்பதற்குள் ஆள் அனுப்பும்படி தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஆள் குறைந்தால் நானே வருகிறேன். கடப்பாறை பிடிக்க இன்னும் முடியும்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 20.12.2006

இப்படிக்கு,
ந. பாவாடை
(இடது கைப் பெருவிரல் ரேகை)