தையல்காரர் விட்டுக்கொடுத்த முறை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே டயாலிசிஸ் மெஷின் ஒன்று பழுது, மிச்சம் ஒன்றுதான். நேற்று தொற்றோடு வந்த டீச்சர் ஒருவர், சிறுநீரக நோயாளி, மூச்சு வாங்க வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றைய கடைசி முறை, ஊசி போடும்போதெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்கும் தையல்காரருடையது. "அந்தம்மாவுக்குப் போடு. நான் நாளைக்கு வரேன்" என்றார். டாக்டரும் தையல்காரரைப் பரிசோதித்துவிட்டுச் சம்மதித்தார். டீச்சர் பிழைத்துக்கொண்டார். இன்று முகம் வீங்கி வந்த தையல்காரர், "அந்தம்மா சாப்பிட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

நேற்று வேலையில் என் கவச உடை கிழிந்ததால் என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். வெறும் முன்னெச்சரிக்கைதான், காய்ச்சல் இல்லை. அப்பாவின் பழைய சட்டை ஒன்று அனுப்பு. கவச உடைக்குள் போட மெத்தென்று இருக்கும். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

சாப்பாடு வந்துவிட்டது, கதவைத் தட்டுகிறார்கள்.

உன் மகள்