இன்ஜினுக்குள் இரண்டு விரல் கசடு

ஜூன் 4
லாரியை எடைக்குப் போட்டுவிடச் சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருஷத்தில் வலது கை எழும்பவில்லை. பேச்சு திரும்பியது, கூடவே கோபமும். "ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு?"
நான் ஆளில்லையா? கனரக லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பழைய இரும்புக்காரர் பதினெட்டாம் தேதி வருகிறாராம். வரட்டும், பார்ப்போம்.

ஜூன் 5
தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தேன். எல்லாரும் 'டாக்டர்' என்று கூப்பிடுகிற ஆள். இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே இரும்பே தெரியவில்லை. இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்புக் கசடு.
"அக்கா, இது இன்ஜின் இல்ல, தார் டிரம்மு."
"பொழைக்குமா, பொழைக்காதா?"
"சுரண்டணும். நாள் கணக்கா. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லக்கா."
எனக்கு இருக்கிறது.

ஜூன் 6
மரக்குச்சி, பழைய பல் பிரஷ், டீசல். இரும்புக் கரண்டி கூடாது, கீறிவிடும் என்றார் டாக்டர். சுரண்டச் சுரண்ட ஆத்திரம்தான் வந்தது. சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் வீட்டையே ரெண்டாக்குகிற மனுஷன். நாள் தவறாம ஆயில் மாத்துறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டாரே, என்ன ஆச்சு?
கேட்கவில்லை. கேட்டால் வேலை நடக்காது.

ஜூன் 8
முழங்கை வரை கறுப்பு. இன்று முதன்முறையாக இரும்பைப் பார்த்தேன்.

ஜூன் 10
தப்புப் பண்ணிட்டேன். மேலே சுத்தமானதும் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். இருமி இருமி ஓடியது. ஒரு நிமிஷம்கூட இல்லை, ஆயில் பிரஷர் முள் சரிந்தது. அணைத்துவிட்டேன்.
டாக்டர் ஓடிவந்தார். "இளகின கசடு ஆயில உறிஞ்சுற சல்லடைய அடைச்சிருக்கும். அடித்தொட்டிய இறக்கணும்."
ஜன்னலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஜூன் 12
வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். கடைசி ஒன்று அசையமாட்டேன் என்றது. அப்போது சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து இவர் குரல்: "அது திமிர் புடிச்சது. கொஞ்சம் இறுக்கிட்டு அப்புறம் தளர்த்து."
கழன்றது. படுத்தபடியே கேட்டுவிட்டேன். "ஏங்க இப்படி விட்டீங்க?"
செருப்பு மட்டும் தெரிந்தது.
"கை அப்பப்ப மரத்துப்போகும். ஆயில் மாத்தக் கீழ படுத்தா எழுந்திருக்க முடியல. விழுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே."
"ஏன் சொல்லல?"
"சொன்னா வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்ப."
ஆமா, சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். பாவி மனுஷா, ஒரு வருஷம்! பக்கத்துலதானே இருந்தேன், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?
வெளியே வர அரை மணி ஆயிற்று. வேலை இருந்ததால் அல்ல.

ஜூன் 14
தொட்டியை நான் சுரண்டினேன். சல்லடையை நான் கொடுக்கவில்லை, இவரே எடுத்துக்கொண்டார். மடியில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு கண்ணாக ஊசியால் குத்தி எடுக்கிறார். "இன்னும் நாலு கண்ணு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஜூன் 17
எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினேன். முள்ளைப் பார்க்கத் தைரியம் இல்லை.
"ஏறுது" என்றார் இவர், பக்கத்து சீட்டிலிருந்து. பிறகு, "ஏறின இடத்துலயே நிக்குது."

ஜூன் 18
இரும்புக்காரரை வாசலிலேயே இவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூன் 24
முதல் லோடு, செங்கல். "கிளட்ச முழுசா மிதி!" என்று வழி முழுக்கக் கத்தல். இறக்கிவிட்டுத் திரும்பும்போது கத்தலைக் காணோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னார்: "காலையிலேருந்து இடது கால் லேசா மரத்துப்போகுது."
லாரியை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். லாரியெல்லாம் இங்க வரக்கூடாது என்று காவலாளி விசில் அடித்தார். அடிக்கட்டும். மருந்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள். நேரத்தோடு வந்தது நல்லது என்றார்கள்.